மணத்திற்குப் பின் பெயர் மாற்றமும் துணைவர் விசாவும்

மணத்திற்குப் பின் பெயர் மாற்றம் என்பது, திருமணமான ஒருவர், பெரும்பாலும் பெண், தம் பெயரோடு கணவரின் பெயரையோ அவரது குடும்பப் பெயரையோ சேர்த்துக்கொள்வதைக் குறிக்கும். உள்ளூரிலேயே வாழும்வரை இது பெரிய சிக்கலாவதில்லை. வெளிநாட்டில் இருக்கும் கணவருடன் சேர்ந்து வாழத் துணைவர் விசாவுக்கு விண்ணப்பிக்கும்போதுதான் பெயரின் ஒவ்வோர் எழுத்தும் கணக்கில் வருகிறது. ஒரே பெண்ணின் பெயர் நான்கு ஆவணங்களில் நான்கு விதமாக இருந்தால், நான்கும் ஒருவரே என்று மெய்ப்பிக்கும் பொறுப்பு விண்ணப்பதாரருடையது. அதற்கு மாதக்கணக்கில் ஆனால், அத்தனை மாதமும் கணவனும் மனைவியும் பிரிந்தே இருக்க வேண்டியதாகிறது.

தமிழ்ப் பெயரின் அமைப்பு

உலகின் பல நாடுகளில் ஒருவருக்கு இயற்பெயர், குடும்பப் பெயர் என இரண்டு உண்டு. குடும்பப் பெயர் தலைமுறை தலைமுறையாக மாறாமல் வரும். தமிழ்நாட்டில் பெரும்பாலோருக்கு இயற்பெயர் ஒன்றே. அதன்முன் தந்தை பெயரின் முதலெழுத்து, அதாவது இனிஷியல், வரும். முன்பு பெயருக்குப் பின்னால் சாதிப் பட்டம் சேர்க்கும் வழக்கம் இருந்தது. 1929 பிப்ரவரியில் செங்கல்பட்டில் நடந்த முதல் சுயமரியாதை மாகாண மாநாடு சாதிப் பட்டங்களை விட்டுவிடத் தீர்மானித்தது. அதன் பிறகு அவ்வழக்கம் படிப்படியாகக் குறைந்தது.

எனவே தமிழ்நாட்டுப் பெண் மணமானதும் மாற்றுவது பெரும்பாலும் முதலெழுத்தைத்தான். எடுத்துக்காட்டாக, செல்வராஜின் மகள் கயல்விழி, 'செ. கயல்விழி' என்று பள்ளியில் படித்திருப்பார். மணிகண்டனை மணந்தபின் 'ம. கயல்விழி' ஆவார். இது ஊர் வழக்கு. கடவுச்சீட்டில் முதலெழுத்துக்கு இடமில்லை. அதை விரித்து முழுப் பெயராக எழுத வேண்டும். அங்கே அவர் இயற்பெயர் கயல்விழி, குடும்பப் பெயர் செல்வராஜ் என்று ஆகிறார். தந்தையின் பெயர், யாரும் நினைத்துப் பார்க்காமலே, குடும்பப் பெயராகிவிடுகிறது.

சட்டத்தின் நிலை

திருமணமான பெண் பெயரை மாற்றியே ஆக வேண்டும் என்று இந்தியச் சட்டம் எதுவும் சொல்லவில்லை. கடவுச்சீட்டுக்காகப் பெண்கள் மணத்திற்குப் பின் பெயரை மாற்றத் தேவையில்லை என்று 2017 ஏப்ரலில் பிரதமரும் அறிவித்தார். துணைவர் விசாவுக்கும் கணவன், மனைவி இருவருக்கும் ஒரே குடும்பப் பெயர் இருக்க வேண்டும் என்ற விதி இல்லை. அவர்கள் கேட்பது உறவுக்கான சான்று. அதைத் தருவது பெயரன்று, திருமணப் பதிவுச் சான்றிதழ்.

திருமணப் பதிவு

தமிழ்நாடு திருமணங்கள் பதிவுச் சட்டம், 2009-இன்படி எல்லாத் திருமணங்களையும் பதிவு செய்வது கட்டாயம். மணநாளிலிருந்து 90 நாள்களுக்குள் சார்பதிவாளர் அலுவலகத்தில் பதிய வேண்டும். தவறினால் கூடுதல் கட்டணத்துடன் மேலும் 60 நாள்கள் அவகாசம் உண்டு.

திருவண்ணாமலை போன்ற கோயில் நகரில் இதை அழுத்திச் சொல்ல வேண்டியிருக்கிறது. அண்ணாமலையார் சந்நிதியில் தாலி கட்டியிருந்தாலும், கிரிவலப் பாதையில் உள்ள மண்டபத்தில் கட்டியிருந்தாலும், கோயில் ரசீதோ அழைப்பிதழோ அரசுச் சான்றிதழுக்கு ஈடாகாது. பதிவுக்கு விண்ணப்பிக்கும்போது திருமணம் நடந்ததற்கான ஆதாரமாக மட்டுமே அவை உதவும்.

பதிவுப் படிவத்தில் மணமக்கள் பெயரைக் கடவுச்சீட்டில் உள்ளபடியே, முதலெழுத்தை விரித்து எழுதுவது நல்லது. பிற்காலச் சிக்கல்கள் பலவற்றுக்கு வித்து இந்தப் படிவத்தில்தான் விழுகிறது. சான்றிதழை வெளிநாட்டில் பயன்படுத்த அப்போஸ்டில் முத்திரை தேவைப்படலாம். இந்தியா இதற்கான ஹேக் உடன்படிக்கையில் 2005 முதல் இருக்கிறது. முத்திரையை வெளியுறவு அமைச்சகம் வழங்குகிறது.

பெயர் சேர்ப்பும் பெயர் மாற்றமும்

இவ்விரண்டையும் பலர் ஒன்றாக எண்ணிவிடுகின்றனர்.

பெயர் சேர்ப்பு: கடவுச்சீட்டு விவரங்களில் துணைவர் பெயர் என்ற இடத்தில் கணவர் பெயரைச் சேர்ப்பது. பெண்ணின் சொந்தப் பெயர் மாறாது.

பெயர் மாற்றம்: பெண்ணின் குடும்பப் பெயரையே மாற்றுவது. கயல்விழி செல்வராஜ், கயல்விழி மணிகண்டன் ஆவது.

எதைச் செய்தாலும் பழைய கடவுச்சீட்டில் திருத்தம் எழுதித் தருவதில்லை. மறுவழங்கல் முறையில் புதிய எண்ணுடன் புதிய கடவுச்சீட்டே வரும். திருவண்ணாமலை மாவட்டம் சென்னை மண்டலக் கடவுச்சீட்டு அலுவலகத்தின் எல்லையில் உள்ளது. கணவர் பெயரைக் குடும்பப் பெயராக ஏற்கத் திருமணச் சான்றிதழ் முதன்மை ஆவணம். மணத்தோடு தொடர்பில்லாமல் இயற்பெயரையே மாற்ற விரும்பினால், தமிழ்நாடு அரசிதழில் பெயர் மாற்ற அறிவிப்பு வெளியிட வேண்டும்.

எப்போது மாற்றுவது?

அடிப்படை விதி ஒன்றே: விசா விண்ணப்பத்தில் உள்ள பெயர் கடவுச்சீட்டில் உள்ள பெயராக இருக்க வேண்டும். விமானச் சீட்டும் அதே பெயரில் இருக்க வேண்டும். இதன்படி மூன்று வழிகள் உள்ளன.

1. விண்ணப்பிக்கும் முன் மாற்றுவது. திருமணப் பதிவு, கடவுச்சீட்டு, ஆதார், பான் அட்டை என்ற வரிசையில் முடித்துவிட்டு விசாவுக்குச் செல்லலாம். தொடக்கத்தில் காலம் பிடிக்கும். பிறகு குழப்பம் இராது.

2. மாற்றாமலே செல்வது. பிறந்த வீட்டுப் பெயரிலேயே விண்ணப்பித்து, திருமணச் சான்றிதழை இணைக்கலாம். படிப்புச் சான்றிதழ்களும் கடவுச்சீட்டும் ஒரே பெயரில் இருப்பதால், வெளிநாட்டில் வேலை தேடும் பெண்ணுக்கு இது எளிது.

3. சென்றபின் மாற்றுவது. அந்நாட்டிலுள்ள இந்தியத் தூதரகம் வழியாகக் கடவுச்சீட்டை மாற்றி, குடியேற்ற ஆவணங்களையும் திருத்தலாம்.

தவிர்க்க வேண்டியது, விண்ணப்பம் நிலுவையில் இருக்கும்போது பெயரை மாற்றுவது. மாற்றினால் புதிய கடவுச்சீட்டின் விவரத்தை உடனே விசா அலுவலகத்துக்குத் தெரிவிக்க வேண்டும். 'இதற்குமுன் வேறு பெயர்கள் இருந்தனவா?' என்ற கேள்விக்கு, அமெரிக்கப் படிவமானாலும் பிரிட்டன் படிவமானாலும், பழைய பெயரை மறைக்காமல் எழுத வேண்டும். பெயர் மாற்றம் குற்றமன்று. சொல்லாமல் விடுவதுதான் ஐயத்தைக் கிளப்பும்.

எந்தப் பெயர் குடும்பப் பெயர்?

மணிகண்டனின் தந்தை முருகேசன் என்று கொள்வோம். மணிகண்டனின் கடவுச்சீட்டில் குடும்பப் பெயர் முருகேசன். தமிழ் வழக்கப்படி மனைவி 'கயல்விழி மணிகண்டன்' ஆனால், கணவனுக்கும் மனைவிக்கும் குடும்பப் பெயர் வேறுவேறு. 'கயல்விழி முருகேசன்' ஆனால், பெயர் ஒன்றாகும்; ஆனால் அவர் தாங்குவது மாமனாரின் பெயர். குழந்தை பிறந்தால், நம் வழக்கப்படி அதன் பின்பெயர் மணிகண்டன். வெளிநாட்டு வழக்கப்படி முருகேசன். இரண்டில் எதுவும் தவறில்லை. ஆயினும் மாற்றுவதற்கு முன்பே குழந்தையின் பெயர்வரை யோசித்து முடிவு செய்வது நல்லது.

ஒற்றைப் பெயர்

குடும்பப் பெயர் என்ற இடத்தை வெறுமையாக விட்டும் இந்தியக் கடவுச்சீட்டு பெறலாம். ஆனால் அமெரிக்க விசாவில் அந்த ஒற்றைப் பெயர் குடும்பப் பெயர் இடத்துக்குப் போய், இயற்பெயர் இடத்தில் 'முதற்பெயர் தெரியவில்லை' என்று பொருள்படும் 'எஃப்என்யு' என்ற எழுத்துகள் வந்து அமர்கின்றன. பிறகு வங்கியிலும் ஓட்டுநர் உரிமத்திலும் அதுவே பெயராகத் தொடர்வதும் உண்டு. ஒற்றைப் பெயர்க் கடவுச்சீட்டுடன் சுற்றுலா விசாவில் வருவோருக்கு 2022 நவம்பரில் ஐக்கிய அரபு அமீரகம் கட்டுப்பாடு விதித்தது. எனவே வெளிநாடு செல்லும் எண்ணமிருந்தால் கடவுச்சீட்டில் இரு பகுதிகளையும் நிரப்புவது பாதுகாப்பானது.

வெளிநாட்டவரை மணந்தால்

திருவண்ணாமலையில் வெளிநாட்டவர் பலர் தங்கி வாழ்வதால் இக்கேள்வியும் எழுகிறது. இந்து திருமணச் சட்டம், 1955 இருவரும் இந்துக்களாக இருந்தால்தான் பொருந்தும். மற்றபடி சிறப்புத் திருமணச் சட்டம், 1954 உண்டு. மணமக்களில் ஒருவராவது 30 நாள்கள் வசித்த மாவட்டத்தின் திருமண அலுவலரிடம் முன்னறிவிப்புத் தர வேண்டும். இந்தியரை மணந்த வெளிநாட்டவர், பதிவு செய்த திருமணம் இரண்டாண்டுகள் தொடர்ந்து நீடித்திருந்தால், பிற தகுதிகளுக்கு உட்பட்டு, வெளிநாடுவாழ் இந்தியக் குடிமகன் அட்டைக்கு விண்ணப்பிக்கலாம்.

பிற இடங்களில்

சிங்கப்பூர், மலேசியத் தமிழரின் அடையாள ஆவணங்களில் 'இன்னாரின் மகன்', 'இன்னாரின் மகள்' என்ற அமைப்பு பரவலாக உள்ளது. அங்கு குடும்பப் பெயர்ச் சிக்கல் குறைவு. கனடாவின் கியூபெக் மாகாணத்தில் 1981 முதல், மணமான பெண் சட்டப்படி தம் பிறப்புப் பெயரிலேயே தொடர்கிறார். பெயரை மாற்றாத மனைவி அங்கு விதிவிலக்கல்லர், விதி.

பெயர்களை ஒப்பிடும் முறை

விண்ணப்பத்தில் கை வைக்கும் முன் ஒரு தாளில் கட்டம் போட்டுக்கொள்ளலாம். பிறப்புச் சான்றிதழ், பத்தாம் வகுப்பு மதிப்பெண் சான்றிதழ், பட்டம், ஆதார், பான், கடவுச்சீட்டு, திருமணச் சான்றிதழ் ஆகிய ஒவ்வொன்றிலும் உள்ள பெயரை ஆங்கில எழுத்துக்கூட்டலுடன் அப்படியே எழுத வேண்டும். வேறுபாடு எங்கே என்று உடனே தெரியும். மணத்திற்குப் பின் பெயரை மாற்றினாலும் பள்ளிச் சான்றிதழ் பழைய பெயரில்தான் இருக்கும். அதற்கும் புதிய பெயருக்கும் இடையே பாலமாக இருப்பது திருமணச் சான்றிதழ். ஆகவே அதன் சான்றிட்ட நகல்கள் இரண்டு மூன்றை வாங்கி வைத்திருப்பதும், பழைய கடவுச்சீட்டைத் தொலைக்காமல் காப்பதும் அவசியம்.