‘ஒத்துவரவில்லை’: ஒரு சொல்லும் அதன் எடையும்

ஆங்கிலத்தில் ‘கன்சிஸ்டன்சி’ என்று ஒரு சொல் இருக்கிறது. தமிழில் அதற்கு ஒரே சொல் கிடையாது. இடத்துக்கு இடம் வேறு சொல் வேண்டும். கண்டிப் பக்கத்துக் காரியங்களை வைத்தே இதை விளக்கலாம்.

கித்துள் பதநீரைக் காய்ச்சும்போது ஒரு கட்டத்தில் இறக்கினால் பாணி. இன்னும் காய்ச்சினால் கருப்பட்டி. அந்தக் கட்டத்தை அறிவதைத்தான் ‘பதம் பார்த்தல்’ என்கிறோம். இங்கே கன்சிஸ்டன்சி என்பது பதம். ஒரு பிள்ளை தவணைதோறும் ஒரே அளவில் புள்ளி வாங்கினால் அது ‘சீர்’. ஒருவர் நேற்றுச் சொன்னதும் இன்று செய்வதும் பொருந்தினால், அல்லது இரண்டு ஆவணங்கள் ஒன்றுக்கொன்று முரணில்லாமல் இருந்தால், அது ‘ஒத்திசைவு’.

முதல் இரண்டும் அடுப்படியோடும் வகுப்பறையோடும் முடிந்துவிடும். மூன்றாவதுதான் நம் மக்களை அலுவலக வாசல்களில் காக்க வைக்கிறது.

புசல்லாவை, கலஹா, தெல்தோட்டை போன்ற பகுதிகளின் தோட்டங்களில் பிறந்தவர்களுக்கு இது பழகிய சிக்கல். பிறப்பு அத்தாட்சிப் பத்திரத்தில் ‘முத்துலெட்சுமி’, அடையாள அட்டையில் ‘முத்துலக்ஷ்மி’, செக்ரோலில் வெறும் ‘லெச்சுமி’ என்று இருக்கும். தகப்பன் பெயர் ஒன்றில் முன்னால் வரும். இன்னொன்றில் குடும்பப் பெயர்போலப் பின்னால் வரும். தமிழ்ப் பெயரைச் சிங்களத்தில் எழுதி, அங்கிருந்து ஆங்கிலத்துக்கு மாற்றும்போது எழுத்து மாறிவிடுகிறது. எழுதியவர் ஒருவர், ஊழியர் சேமலாப நிதியைக் கேட்டுப் போகும்போது பதில் சொல்ல வேண்டியவர் வேறொருவர். இரண்டு பெயரும் ஒருவரையே குறிக்கும் என்று சத்தியக் கடதாசி முடித்துக் கொடுக்கும் சுமை தொழிலாளியின் தலையில் விழுகிறது. 1977இலும் 1983இலும் வன்முறைக்கு அஞ்சி மலையகத்திலிருந்து வன்னிக்குப் போய், அங்கே போரிலும் அகப்பட்டவர்களுக்கு ஒப்பிட்டுக் காட்டப் பழைய பத்திரமே இல்லாமற் போனது.

இங்கே ஒரு வேறுபாட்டைக் கவனிக்க வேண்டும். வித்தியாசம் எல்லாம் முரண்பாடு அல்ல. பஸ் பலகையில் தமிழில் ‘கண்டி’ என்றும் சிங்களத்தில் ‘மகநுவர’ என்றும் எழுதியிருக்கிறது. ஊர் ஒன்றுதான். இரண்டில் ஒன்று உண்மையானால் மற்றது பொய்யாக வேண்டும் என்ற நிலை வந்தால்தான் அது முரண்பாடு.

குடிமக்களிடம் இவ்வளவு கறாராக ஒத்திசைவு கேட்கும் அரசு, தன் பங்குக்கு என்ன செய்கிறது?

1815 மார்ச் 2ஆம் திகதி கண்டியில் கையெழுத்தான உடன்படிக்கையில், கண்டித் தலைவர்களின் உரிமைகளையும் பதவிகளையும் காப்பதாகப் பிரித்தானியர் வாக்களித்தனர். கிளர்ச்சியை ஒடுக்கிய கையோடு, 1818 நவம்பர் 21ஆம் திகதிப் பிரகடனத்தின் மூலம் அவற்றை வெட்டிக் குறைத்தனர். வாக்கு ஒன்று, செயல் வேறு.

சுதந்திர இலங்கையின் சட்டங்களிலும் இந்தச் சொல் திரும்பத் திரும்ப வருகிறது. 1978ஆம் ஆண்டு அரசியலமைப்பின் 16ஆவது உறுப்புரை, அடிப்படை உரிமைகளோடு முரண்பட்டாலும் அதற்கு முன்பிருந்த சட்டங்கள் செல்லும் என்கிறது. சட்டத்தின் சிங்கள, தமிழ் உரைகள் முரண்பட்டால் எது மேலோங்கும் என்பதை அதை இயற்றும்போதே பாராளுமன்றம் தீர்மானிக்க வேண்டும் என்கிறது 23ஆவது உறுப்புரை. நடைமுறையில் சட்டத்தின் கடைசிப் பிரிவைப் புரட்டிப் பாருங்கள். சிங்கள உரையே மேலோங்கும் என்றுதான் பெரும்பாலும் இருக்கும். தமிழில் படித்து அதன்படி நடந்தவருக்கு மொழிபெயர்ப்பில் நேர்ந்த பிழை பாதகமாகலாம்.

1979ஆம் ஆண்டின் 48ஆம் இலக்கப் பயங்கரவாதத் தடைச் சட்டம் இன்னும் ஒரு படி மேலே போகிறது. வேறு சட்டங்களோடு முரண்பட்டால் தானே மேலோங்கும் என்று அதன் 28ஆம் பிரிவு சொல்கிறது. பொலிஸாரிடம் கொடுத்த குற்ற ஒப்புதல் வாக்குமூலம் செல்லாது என்பது சான்றுக் கட்டளைச் சட்டத்தின் பொது விதி. இந்தச் சட்டமோ உதவிப் பொலிஸ் அத்தியட்சர் தரத்துக்குக் குறையாத அதிகாரியிடம் கொடுத்ததை ஏற்கிறது. ‘முரண்பட்டால் நானே மேல்’ என்ற ஒரு வரி எத்தனை பேரின் வாழ்க்கையை விழுங்கியது என்பது வாசகர்களுக்குத் தெரியும்.

சாட்சி சொல்லப் போகும்போதும் இதே சொல் எதிரே வரும். சான்றுக் கட்டளைச் சட்டத்தின் 155ஆம் பிரிவுப்படி, சாட்சி முன்பு சொன்னதும் இப்போது சொல்வதும் முரண்பட்டால் அதைக் காட்டி அவரது நம்பகத்தன்மையைக் கேள்விக்குட்படுத்தலாம். பிள்ளையைத் தேடும் ஒரு தாய், 2010இல் நியமிக்கப்பட்ட நல்லிணக்க ஆணைக்குழு, 2013இல் வந்த காணாமற்போனோர் ஆணைக்குழு, பிறகு காணாமற்போனோர் அலுவலகம் என்று ஒரே கதையைப் பல இடங்களில் சொல்லியிருப்பார். பின்னேரம் என்றதை இன்னோரிடத்தில் பொழுதுபட்டு என்றிருக்கலாம். அது பொய்யல்ல, நினைவின் இயல்பு. பிள்ளை யார் கையில் ஒப்படைக்கப்பட்டான் என்பது எல்லா இடத்திலும் ஒன்றாக இருக்கிறதா என்பதே பார்க்க வேண்டியது.

நாம் செய்யக்கூடியவையும் உண்டு. கொடுத்த ஒவ்வொரு வாக்குமூலத்தின் பிரதியையும் திகதியோடு பத்திரப்படுத்துங்கள். கேட்டுக் கேட்டுச் சோர்ந்துபோய், நினைவில்லாததை ஊகித்துச் சொல்லாதீர்கள். ‘நினைவில்லை’ என்பது முரண்பாடு ஆகாது. அரசியலமைப்பின் 22ஆவது உறுப்புரைப்படி, சிங்களம் நிர்வாக மொழியாக உள்ள இடத்திலும் தமிழில் எழுதித் தமிழில் பதில் பெறவும், உங்களுக்கு வழங்கப்படும் ஆவணத்தையோ அதன் மொழிபெயர்ப்பையோ தமிழில் பெறவும் உரிமை உண்டு. கையில் கிடைத்ததும் பெயரை எழுத்தெழுத்தாகச் சரிபார்த்து, பிழையை அங்கேயே சொல்லுங்கள்.

அடுத்த முறை ஓர் அதிகாரி ‘ஒத்துவரவில்லை’ என்று கடதாசியைத் திருப்பித் தந்தால், ஒரு கேள்வி கேளுங்கள்: எது எதோடு ஒத்துவரவில்லை, அதை எழுதியது யார்?