பட்டனை அழுத்தினா 1989: ‘தி டிராகன்ஸ் ட்ராப்’ ரீமாஸ்டருக்குள்ள என்ன நடக்குது?

ரீமாஸ்டர் பத்திப் பேசினாலே நமக்கு ஒரு கேள்வி தவறாம வந்துடும். பழைய கேம்தானே, படத்தை மட்டும் பளபளன்னு ஆக்கி மறுபடி விக்கிறாங்க, இதுல அப்படி என்ன வேலை இருக்கு? நியாயமான கேள்விதான். நிறைய ரீமாஸ்டர்களைப் பார்த்தா எனக்கும் அதே சந்தேகம் வரும். ஆனா இன்னைக்கு எடுத்துக்கிற கேம்ல, அந்தக் கேள்விக்கான பதிலை நீங்களே கன்ட்ரோலர்ல அழுத்திப் பார்த்துக்கலாம்.

கேம் பேரு ‘வொண்டர் பாய்: தி டிராகன்ஸ் ட்ராப்’. பக்கவாட்டுல நகர்ற ஆக்‌ஷன் அட்வெஞ்சர். மூலம் 1989-ல சேகா மாஸ்டர் சிஸ்டத்துக்கு வந்தது. ஜப்பான்ல வெஸ்ட்டோன்ங்கிற கம்பெனி, ரியூச்சி நிஷிசாவா தலைமையில செஞ்சது. 2017-ல பாரிஸ்ல இருக்கிற லிசார்ட்கியூப்ங்கிற குட்டி ஸ்டூடியோ அதைப் புதுசாக் கொண்டு வந்தாங்க. கோடு ஓமர் கோர்னு, ஓவியம் பென் ஃபிகே. ஓமர் பேரை எங்கேயோ கேட்ட மாதிரி இருக்கா? நம்ம ஆளுங்க டூல்ஸ் எழுதும்போது பயன்படுத்துற ‘டியர் இம்குய்’ லைப்ரரியை எழுதினவர் அவர்தான். அதுக்கு ரொம்ப வருஷம் முன்னாடியே மாஸ்டர் சிஸ்டத்துக்கு ‘மெக்கா’ன்னு ஒரு எமுலேட்டரும் எழுதியிருந்தார். அந்தப் பழைய மெஷினோட சந்துபொந்தெல்லாம் தெரிஞ்ச மனுஷன்.

கதை சின்னது. கேம் ஆரம்பிக்கறதே முந்தைய கேமோட கடைசிக் கோட்டையில. டிராகனைக் கொல்றீங்க, அது சாகும்போது சாபம் விடுது, நீங்க பல்லி மனுஷனா மாறிடறீங்க. மனுஷ உருவம் திரும்பக் கிடைக்க ‘சாலமாண்டர் கிராஸ்’ங்கிற ஒரு பொருள் வேணும். வழியில இருக்கிற ஒவ்வொரு டிராகனைக் கொல்லும்போதும் சாபம் வேற உருவத்துக்கு மாறும். பல்லி நெருப்பு துப்பும். எலி சின்னது, கை எட்டாது, ஆனா கட்டம் போட்ட கல்லு இருந்தா சுவர், கூரை எல்லாத்துலயும் ஒட்டிக்கிட்டு நடக்கும். பிரானா மீன் தண்ணியில நீந்தும். சிங்கம் கத்தியை மேல இருந்து கீழ வரைக்கும் வளைச்சு வீசும். பருந்து பறக்கும், தண்ணி பட்டா அடி. அதாவது நீங்க வாங்குற சாபம்தான் உங்க சாவி. நேத்து எட்டாத கதவு இன்னைக்கு எட்டும், ஆனா மேப் உங்களுக்கு ஒண்ணும் சொல்லாது, நீங்கதான் ஞாபகம் வெச்சுக்கணும்.

சரி, அந்தப் பட்டன். ஓடிக்கிட்டே இருக்கும்போது ஒரு பட்டனை அழுத்தினா, பென் கையால வரைஞ்ச படம் திரையில இருந்து அப்படியே துடைச்ச மாதிரி போய், 1989 பிக்சல் வந்து நிக்கும். கேம் நிக்காது. லோடிங் கிடையாது. குதிச்சு பாதி வானத்துல இருக்கும்போது அழுத்தினாலும், பிக்சல் பல்லி அதே உயரத்துல இருந்து அதே இடத்துல இறங்கும். சத்தத்துக்குத் தனி பட்டன். அதனால பழைய படத்தைப் புது இசையோடயும் ஆடலாம், புதுப் படத்தைப் பழைய பீப் பீப்போடயும் ஆடலாம்.

நிறைய பேர் இதைப் பார்த்துட்டு ‘அழகா இருக்கு’ன்னு சொல்லிட்டுப் போயிடுவாங்க. எனக்கு இது ஒரு சாட்சி. எதுக்குன்னு சொல்றேன்.

ரெண்டு படத்தையும் ஒரு நொடியில மாத்த முடியுதுன்னா, அடியில ஓடுற கேம் ஒண்ணே ஒண்ணுதான்னு அர்த்தம். பல்லி எங்க நிக்குது, எந்த வேகத்துல விழுது, பாம்புக்கு இன்னும் எத்தனை அடி பாக்கி, இதெல்லாம் ஒரு பக்கம். அதை எப்படி வரையறதுங்கிறது இன்னொரு பக்கம். லிசார்ட்கியூப் பழைய கேமோட மெஷின் கோடை ரிவர்ஸ் இன்ஜினியரிங் பண்ணி, அந்த முதல் பக்கத்தை உள்ளது உள்ளபடி எடுத்து, அதுக்கு மேல புதுப் படத்தை ஒட்டினாங்க. பார்த்துப் பார்த்து ‘கிட்டத்தட்ட இப்படித்தான் குதிக்கும்’னு மறுபடி எழுதின கேம் இல்ல இது.

இந்த ‘கிட்டத்தட்ட’தான் விஷயமே. மாஸ்டர் சிஸ்டத்துல இருந்தது 3.58 மெகாஹெர்ட்ஸ்ல ஓடுற இசட்80 பிராசஸர், 8 கிலோபைட் ராம். அந்தக் காலத்து மெஷின்ல தசமக் கணக்கு போடறது ரொம்பச் செலவு. அதனால வேகத்தை முழு எண்ணா வெச்சு, ஒரு பிரேமுக்கு இத்தனை, ஒரு பிக்சல்ல இத்தனை பங்குன்னு கணக்கு போடுவாங்க. நொடிக்கு 60 பிரேம், ஒவ்வொரு பிரேமுக்கும் கூட்டல், கழித்தல். டிவி நொடிக்கு 50 தடவை ஓடுற ஐரோப்பாவுல அப்போ பல கேம்கள் ஆறுல ஒரு பங்கு மெதுவாவே ஓடும், ஏன்னா கேமுக்கு நேரம்னு ஒண்ணு தெரியாது, பிரேம் மட்டும்தான் தெரியும்.

இதை இன்னைக்கு ஒரு ரெடிமேட் எஞ்சின்ல புதுசா எழுதுறீங்கன்னு வெச்சுக்கோங்க. அங்க எல்லாம் தசம எண், பிரேமுக்கு பிரேம் எவ்வளவு நேரம் ஆச்சுன்னு பார்த்துப் பெருக்கும் கணக்கு. குதிக்கிற உயரம் ஒரே ஒரு பிக்சல் குறைஞ்சா போதும், பழைய கேம்ல விளிம்புல கால் பட்டு ஏறின இடத்துல இப்ப வழுக்கி விழுவீங்க. ஸ்க்ரீன்ஷாட்ல அது தெரியாது. கைக்கு மட்டும் தெரியும். ஆபீஸ்ல பழைய பில்லிங் மாட்யூலை மாத்தி எழுதினவங்களுக்கு இது நல்லாவே புரியும். டாக்குமென்ட்ல இல்லாத ஒரு ரவுண்டிங்கை நம்பி பத்து வருஷமா நாலு டீம் வேலை செஞ்சிருக்கும். அதைச் ‘சரி’ பண்ணினா முதல்ல உடையறது அவங்க வேலைதான்.

அந்தக் கணக்கு எவ்வளவு ஒழுங்கா வந்திருக்குங்கிறதுக்கு எனக்கு ரொம்பப் பிடிச்ச சான்று பாஸ்வேர்டு. பழைய கேட்ரிட்ஜ்ல சேவ் கிடையாது. 14 எழுத்து குடுப்பாங்க, நோட்டுல எழுதி வெச்சுக்கணும். உங்க உருவம், காசு, கத்தி, கேடயம் எல்லாம் அந்த 14 எழுத்துக்குள்ள சுருட்டி வெச்சிருக்கும். 1989-ல எழுதி வெச்ச அந்த பாஸ்வேர்டை 2017 கேம்ல போட்டா, வேலை செய்யுது! 28 வருஷம் பழைய சேவ் ஃபைல். வெஸ்ட்டோன் பேரையே ‘எஸ்’ எழுத்துக்குப் பதிலா 5 போட்டு, மீதியைச் சைபரால நிரப்பி அடிச்சா காசும் பொருளும் கொட்டுற அந்தப் பிரபலமான குறும்பு உட்பட. நம்மள்ல எத்தனை பேரோட ஆப், போன வருஷ பேக்கப்பை ஒழுங்காத் திறக்கும்னு கொஞ்சம் யோசிச்சுப் பாருங்க.

படத்தை மட்டும் உரிச்சு வேற படம் போர்த்துறது இந்தக் கேமுக்குப் புதுசும் இல்ல. பிரேசில்ல டெக்டாய் கம்பெனி 1993-ல இதே கேமை எடுத்து, அங்க எல்லா வீட்லயும் தெரிஞ்ச மோனிகா காமிக்ஸ் பாத்திரங்களைப் போட்டு வித்தாங்க. முதல் வொண்டர் பாய் கதை இன்னும் நமக்குக் கிட்ட. பேரும் பாத்திரமும் சேகா கையில இருந்ததால, ஹட்சன் கம்பெனி அதே கேமுக்கு வேற ஹீரோவைப் போட்டு 1986-ல நின்டெண்டோவுக்குக் கொண்டு வந்தது. பேரு ‘அட்வெஞ்சர் ஐலண்ட்’. தொப்பி போட்ட ஆளு, கல் கோடாலி, ஸ்கேட்போர்டு, பழம் சாப்பிடலைன்னா எனர்ஜி இறங்கும். டிவி கேம் கேசட் காலத்துல வளர்ந்தவங்க இப்ப ‘அட, அதுவா!’ன்னு சொல்லியிருப்பீங்க. ஆமா, அதேதான்.

இவ்வளவு புகழ்ந்தாச்சு, இப்ப குறை. அடியில பழைய கேம், மேல புதுப் படம்னு வெச்சா, படம் சில நேரம் பொய் சொல்லும். 256-க்கு 192 பிக்சல் திரையில பல்லிங்கிறது ஒரு சின்னக் கட்டம். கட்டம் எங்க முடியுதோ, அடி அங்கேதான் படும்னு கண்ணுக்கே தெரியும். புதுப் பல்லிக்கு வாலு ஆடுது, உடம்பு வளையுது, ஆனா ஹிட்பாக்ஸ் அதே பழைய கட்டம். ‘என் மேல படவே இல்லையே’ன்னு கத்துற நேரம் வரும். அப்போ பட்டனை அழுத்திப் பாருங்க, பட்டிருக்கும். அதே மாதிரி பழைய பின்னணி பல இடத்துல வெறும் நீலம், வெறும் கறுப்பு. எதிரி பளிச்சுனு தெரியும். பென் அந்த வெற்றிடத்துல மரம், மேகம், நிழல்னு அழகா நிரப்பியிருக்கார். கடைக்காரப் பன்னி புகை விடுற காட்சிக்காகவே பத்து நிமிஷம் கடையில நிக்கலாம். ஆனா காட்டுக்குள்ள கூட்டமா வந்து அடிக்கும்போது நான் சத்தமில்லாம பழைய படத்துக்கு மாறிடுவேன்.

இன்னொண்ணு, பழைய கேமோட முரட்டுத்தனமும் கூடவே வந்திருக்கு. அடி பட்டா பின்னாடி தூக்கி எறியும். செத்தா ஊர்ல இருந்து மறுபடி நடை. ஓடி நிறுத்தினா கொஞ்சம் வழுக்கும். இதையெல்லாம் 2017-க்கு ஏத்த மாதிரி மாத்தியிருக்கலாமேன்னு சிலர் சொல்றாங்க. எனக்கு அதுல உடன்பாடு இல்ல. பின்னாடி எறியறதை எடுத்துட்டா, பிளாட்பாரத்துக்கு நடுவுல வெச்ச எதிரிக்கு அர்த்தமே இல்ல. அந்த இடைவெளிகள் எல்லாம் அந்த வழுக்கலை மனசுல வெச்சு அளந்தது. ஒண்ணைத் தொட்டா எல்லா லெவலையும் மறுபடி அளக்கணும். அவங்க அதுக்குப் பதிலா மூணு கடினநிலை வெச்சாங்க. எண்ணை மாத்தினாங்க, விதியை மாத்தலை. நடைதான் எனக்கும் அலுப்பு, அதை ஒத்துக்கறேன். மூணாவது தடவை அதே பாலைவனத்தைக் கடக்கும்போது போனை எடுத்துப் பார்க்கத் தோணும்.

வாங்கறதா இருந்தா பிஎஸ்4, எக்ஸ்பாக்ஸ் ஒன், ஸ்விட்ச், பிசி நாலுலயும் இருக்கு. முழுசா முடிக்க ஒரு வாரக்கடைசி போதும். பிரமிடுக்குள்ள மம்மி டிராகன்தான் பல்லியோட முதல் பெரிய சண்டை. அங்க போனதும் ஒரு தடவை புதுப் படத்துல ஆடுங்க, தோத்தா பழைய படத்துல ஆடுங்க. எதுல ஜெயிச்சீங்கன்னு எழுதி அனுப்புங்க, அடுத்த எபிசோடுல படிக்கிறேன்.