தலைக்கு மேலே பறக்கும் தேன் பருந்து எங்கே போகிறது?

மாணவர்களே, அக்டோபர், நவம்பர் மாதங்களில் வெயில் ஏறிய பிறகு, கோல சிலாங்கூர் வட்டாரச் செம்பனைத் தோட்டங்களுக்கு மேலே வானத்தைக் கவனியுங்கள். இறக்கையை அசைக்காமல் வட்டமிட்டு உயரும் பெரிய பறவைகள் கண்ணில் படலாம். ஆற்றோரத்தில் மீன் தேடும் செம்பருந்து நம் ஊர்ப் பறவை. ஆனால் கூட்டமாகத் தெற்கு நோக்கிப் போகிறவை வெளியூர் விருந்தாளிகள். அவற்றுள் முக்கியமானது தேன் பருந்து. தேனீ, குளவிக் கூடுகளைப் பிய்த்து உள்ளிருக்கும் புழுக்களைத் தின்பதால் இதற்கு இந்தப் பெயர்.

இது எங்கிருந்து வந்தது? எங்கே போகிறது?

வளையம் சொன்னது பாதிக் கதை

இக்கேள்விக்குப் பழைய வழி, பறவையின் காலில் எண் பொறித்த வளையம் மாட்டுவது. 1963 முதல் 1971 வரை மெக்லூர் என்ற அறிவியலாளரின் தலைமையில், ஆசிய நாடுகளில் 10 லட்சத்துக்கும் மேற்பட்ட பறவைகளுக்கு வளையம் இடப்பட்டது. ஆனால் வளையம் இரண்டு செய்திகளைத்தான் சொல்லும்: பறவை எங்கே பிடிபட்டது, பிறகு எங்கே கிடைத்தது. நடுவில் எந்த வழியே போனது, எங்கே இளைப்பாறியது என்று அது சொல்லாது.

முதுகில் ஒரு சிறு கருவி

அதற்காகத்தான் செயற்கைக்கோளின் துணை தேடப்பட்டது. பறவையின் முதுகில் ஒரு சிறு கருவி பொருத்தப்படும். அது அனுப்பும் சமிக்ஞையை, பூமியைச் சுற்றும் செயற்கைக்கோள் பெறும். ஆம்புலன்ஸ் நம்மை நெருங்கும்போது அதன் ஒலி கூர்மையாகவும், விலகிப் போகும்போது தாழ்ந்தும் கேட்கிறது அல்லவா? அதுபோல, செயற்கைக்கோள் நெருங்கும்போதும் விலகும்போதும் சமிக்ஞையின் அதிர்வெண் மாறும். இது டாப்ளர் விளைவு. அந்த மாற்றத்தைக் கொண்டு பறவை இருக்கும் இடம் கணக்கிடப்படுகிறது. இன்றைய கருவிகள் பலவற்றில், நம் கைப்பேசியில் இருப்பது போன்ற ஜிபிஎஸ் வசதியும் சூரிய ஒளி மின்கலமும் உண்டு.

கருவியின் எடை பறவையின் எடையில் 3 விழுக்காட்டைத் தாண்டக்கூடாது என்பது பலரும் பின்பற்றும் விதி. ஒரு கிலோ எடையுள்ள தேன் பருந்துக்கு 30 கிராம். 50 கிலோ எடையுள்ள மாணவருக்கு இது 1.5 கிலோ பையைப் போல. உங்கள் பள்ளிப்பை அதைவிடக் கனமாக இருக்கும்!

நம் கடற்கரைச் சேற்றில் இரை தேடும் பவளக்காலி போன்ற சிறு பறவைகளுக்கு 30 கிராம் தாங்காது. அவற்றுக்கு ஏறத்தாழ ஒரு கிராம் எடையுள்ள ஒளிப்பதிவுக் கருவி உண்டு. சூரியன் உதிக்கும், மறையும் நேரங்களை அது குறித்து வைக்கும். பகலின் நீளம் அட்சரேகையைக் காட்டும். நண்பகல் எப்போது வந்தது என்பது தீர்க்கரேகையைக் காட்டும். நண்பகல் 4 நிமிடம் தள்ளிப்போனால் பறவை ஒரு பாகை மேற்கே போயிருக்கிறது என்று பொருள்.

கடலைக் கடந்து, கடலைச் சுற்றி

ஜப்பானில் ஹிகுச்சி என்ற பேராசிரியரின் குழு, 2003 முதல் தேன் பருந்துகளைச் செயற்கைக்கோள் வழி பின்தொடர்ந்தது. இலையுதிர் காலத்தில் அவை கிழக்குச் சீனக் கடலில் சுமார் 700 கிலோமீட்டரைக் கடந்து சீனாவை அடைகின்றன. பிறகு இந்தோசீன நாடுகள், மலாய்த் தீபகற்பம் வழியாகச் சுமத்ராவுக்கும் ஜாவாவுக்கும் போகின்றன. சில அங்கிருந்து போர்னியோ வரையும் செல்கின்றன. மொத்தம் ஏறத்தாழ 10,000 கிலோமீட்டர்!

திரும்பும்போது ஒரு வியப்பு. வசந்த காலத்தில் அவை அந்தக் கடலைக் கடப்பதில்லை. கொரியத் தீபகற்பம் வரை வடக்கே போய், சுற்றி ஜப்பானுக்குள் நுழைகின்றன. இலையுதிர் காலத்தில் பின்னாலிருந்து தள்ளிவிடும் காற்று வசந்தத்தில் கிடைப்பதில்லை. வளையத்தை மட்டும் நம்பியிருந்தால் இது தெரிந்திருக்காது.

பருந்துகள் நிலத்திலிருந்து எழும் வெப்பக் காற்றில் ஏறி மிதந்து சக்தியைச் சேமிக்கின்றன. நம் நீரிணைக்கு மேலே அந்தக் காற்று குறைவு. அதனால் சுமத்ராவிலிருந்து திரும்பும்போது, நீரிணை குறுகியிருக்கும் போர்ட்டிக்சன் அருகிலுள்ள தஞ்சோங் துவானை நோக்கி வருகின்றன. ஏறத்தாழ 40 கிலோமீட்டர் கடல். களைத்து வரும் பறவைக்கு அங்குள்ள சிறு காடுதான் முதல் இளைப்பாறுமிடம். 2000ஆம் ஆண்டு முதல் மலேசிய இயற்கைச் சங்கம் மார்ச் மாதங்களில் அங்கே பருந்து காணும் நிகழ்வை நடத்தி வருகிறது.

பாதை தெரிந்தால் என்ன பயன்?

வட அமெரிக்காவில் கூடு கட்டும் ஸ்வைன்சன் பருந்துகளில் சில பகுதிகளில் எண்ணிக்கை குறைந்தது. கூடு கட்டும் இடத்தில் காரணம் புலப்படவில்லை. கருவி பொருத்திய பறவைகளின் பாதையைப் பின்தொடர்ந்து ஆய்வாளர்கள் 1995இல் அர்ஜென்டினாவை அடைந்தார்கள். அங்கே வயல்களில் நூற்றுக்கணக்கான பருந்துகள் செத்துக் கிடந்தன. வெட்டுக்கிளிகளைக் கொல்ல அடித்த மோனோகுரோட்டோபாஸ் என்ற பூச்சிமருந்துதான் காரணம். விஷம் ஏறிய வெட்டுக்கிளியைத் தின்ற பருந்தும் மாண்டது. அடுத்த பருவத்தில் மட்டும் சுமார் 20,000 பருந்துகள் இறந்திருக்கலாம் என மதிப்பிடப்பட்டது. அதன் பிறகே அங்கு அந்த மருந்துக்குக் கட்டுப்பாடும் தடையும் வந்தன, சாவுகளும் குறைந்தன.

இந்த மருந்து நமக்கும் அந்நியம் அல்ல. நம் நாட்டுச் செம்பனைத் தோட்டங்களிலும் ஓலை தின்னும் புழுக்களை அழிக்க, மரத்தண்டில் துளையிட்டு இதைச் செலுத்தும் வழக்கம் இருந்தது. தோட்டத்தில் வேலை செய்த பெரியவர்களைக் கேட்டுப் பாருங்கள்.

ஒரு பறவையின் பயணம் சங்கிலி போன்றது. ஜப்பானியக் காடு, சீனக் கடற்கரை, நம் தோட்டத்து வானம், தஞ்சோங் துவான், ஜாவா ஆகிய எல்லாம் அதன் கண்ணிகள். ஒன்று அறுந்தாலும் பறவை வீடு திரும்பாது. எந்தக் கண்ணி அறுந்தது என்று காட்டுவதே கருவியின் வேலை.

நீங்கள் செய்யக்கூடியது

கருவி ஒரு சில பறவைகளுக்குத்தான் பொருத்தப்படும். மற்றவற்றை எண்ண மனிதக் கண்கள் வேண்டும். ஒரு நோட்டுப் புத்தகம் எடுங்கள். தேதி, நேரம், இடம், எத்தனை பருந்துகள், எந்தத் திசை, காற்று எப்படி என்று எழுதுங்கள். 1987இல் உருவான கோல சிலாங்கூர் இயற்கைப் பூங்காவுக்குப் போனால், கரைப்பறவைகளின் கால்களைத் தொலைநோக்கியில் பாருங்கள். வண்ணக் கொடியோ வளையமோ தெரிந்தால் நிறத்தையும் எழுத்தையும் குறித்து, பூங்கா அலுவலகத்தில் சொல்லுங்கள். அந்தப் பறவைக்கு எங்கோ கொடி கட்டிய ஒருவர், அது எங்கே போனது என்று தெரிந்துகொள்ளக் காத்திருப்பார்.