கரண்டு போன பிறகும் எரிய வேண்டிய விளக்கு

2021 டிசம்பர் நடுவில், ஒரு மாதத்துக்கான மழை ஒரே நாளில் கிள்ளான் பள்ளத்தாக்கில் கொட்டியது. ஷா ஆலாம் தாமான் ஸ்ரீ மூடாவில் மக்கள் மேல்மாடியிலும் கூரையிலும் ஏறி உதவிக்குக் காத்திருந்தார்கள். வெள்ளம் ஏறினால், உயிர்ச்சேதத்தைத் தடுக்க அந்த வட்டாரத்தின் மின்சாரத்தைத் துண்டித்துவிடுவார்கள். அதைக் குறைசொல்ல முடியாது. ஆனால் கைப்பேசியில் சார்ஜ் தீர்ந்துவிட்டால் படகை எப்படி அழைப்பது?

ஜெஞ்சாரோம் ஊருக்கும் இதே ஆபத்து உண்டு; அது இருக்கும் கோல லங்காட் கடலோரத் தாழ்நிலம். கடல் பெருக்கெடுக்கும் நேரத்தில் மழைநீர் வடிய வழியிருக்காது. இங்கே பள்ளிகளும் பொது மண்டபங்களும்தான் நிவாரண மையங்கள். அவற்றின் கூரையில் சோலார் தகடு போட்டால் போதும் என்று பலர் நினைக்கிறார்கள். போதாது. மின்கம்பியோடு மட்டும் இணைந்த சாதாரண இன்வர்ட்டர், கரண்டு போன கணமே தானும் நின்றுவிடும். கம்பியைச் சரிசெய்யும் ஊழியர்மீது மின்சாரம் பாயக்கூடாது என்பதற்கான ஏற்பாடு அது. ஆகவே, கம்பியைத் துண்டித்துக்கொண்டு தனியே இயங்கும் இன்வர்ட்டரும் பேட்டரியும் கட்டாயம் வேண்டும்.

கணக்கைப் பார்ப்போம். 5 கிலோவாட் தகடுகள் நம் வெயிலில் நாளுக்கு ஏறக்குறைய 18 யூனிட் தரும். அடைமழையில் அதில் கால்பங்கு கிடைப்பதே அரிது. 4 யூனிட் என்று வைத்துக்கொள்வோம். 10 வாட் விளக்குகள் இருபது, இரவு முழுக்க எரிய 2.4 யூனிட். நூறு கைப்பேசிகளுக்கு ஒன்றரை. இன்சுலின் வைக்கும் சிறு குளிர்பெட்டிக்கு ஒன்று. இதற்கே ஏறக்குறைய 5 யூனிட் ஆகிவிடும். 10 யூனிட் பேட்டரி நிரம்பியிருந்தால் குறையும் ஒரு யூனிட்டை நாள்கணக்கில் ஈடுகட்டும். மின்விசிறிகளை அப்போது நிறுத்தியே ஆகவேண்டும். குழந்தைகள் புழுங்கித் தவிப்பார்கள், ஆனால் மருந்து கெடாது.

இப்படி நடந்த ஊர் உண்டு. போர்ட்டோ ரிக்கோவின் அட்ஹுன்தாஸ் மலையூரில் உள்ள காசா புவெப்லோ என்ற சமூக இல்லம் 1999 முதலே சூரிய மின்சாரத்தில் இயங்கியது. 2017 செப்டம்பரில் மரியா சூறாவளி தீவு முழுவதையும் இருளாக்கியபோது அங்கே விளக்கு எரிந்தது. மூச்சுத்திணறல் உள்ளவர்கள் தங்கள் கருவிகளோடு அங்கே வந்தார்கள்.

அது பேரிடருக்கென்று பூட்டிவைத்த கட்டடமல்ல; ஊரார் அன்றாடம் புழங்கிய இடம். நம் தோட்டக் கோவில் மண்டபங்களும் அப்படித்தான். கல்யாணத்துக்கும் பிள்ளைகளின் டியூஷனுக்கும் அதே சோலார் விளக்கு எரிந்தால், பழுது அன்றைக்கே தெரிந்துவிடும். பேட்டரியை மட்டும் தரையில் வைக்காதீர்கள். 2021-இல் தண்ணீர் எந்த உயரம் வந்தது என்று ஊர்ப் பெரியவர்களிடம் கேட்டு, அதற்கும் மேலே சுவரில் பொருத்துங்கள்.