கப்பலின் கொள்ளளவு: எடையா, இடமா?

பெரம்பலூர், அரியலூர் மாவட்டங்களுக்குக் கடற்கரை இல்லை. ஆயினும் அரியலூரின் சுண்ணாம்புக்கல் தொல்பழங்காலக் கடலடியில் படிந்ததாகும். அங்குக் கிடைக்கும் கடலுயிரிகளின் எச்சங்களே அதற்குச் சான்று. அக்கல் இன்று சிமெண்டாகிறது. பெரம்பலூரின் கரிசல் மண்ணிலோ பருத்தி விளைகிறது. சரக்குக் கப்பலின் கொள்ளளவு ஏன் ஒரே அளவையால் கூறப்படுவதில்லை என்பதை விளங்கிக்கொள்ள இவ்விரு பொருள்களுமே போதும்.

ஒரு டன் சிமெண்டு ஒரு கன மீட்டருக்கும் குறைந்த இடத்தில் அடங்கும். அழுத்திக் கட்டிய பஞ்சுப் பொதிகளுக்கோ டன்னுக்கு ஏறத்தாழ இரண்டு கன மீட்டர் வேண்டும். சிமெண்டை ஏற்றினால், சரக்கறை நிரம்புமுன்னரே கப்பல் தன் எல்லைவரை அமிழ்ந்துவிடும். பஞ்சை ஏற்றினால், அறை நிரம்பிய பின்னும் கப்பல் உயர்ந்தே மிதக்கும். எனவே கப்பல் தாங்கும் எடை ஓர் அளவு. அதன் அறைகளின் கன அளவு மற்றோர் அளவு.

சரக்கு, எரிபொருள், நன்னீர், உணவு, மாலுமிகள் ஆகிய அனைத்தின் எடையையும் சேர்த்துச் சொல்வது 'டெட்வெயிட்' எனப்படும். நிலக்கரி, தாது, தானியம் ஆகியவற்றை மூட்டையின்றிக் கொட்டி ஏற்றும் கப்பல்களும் எண்ணெய்க் கப்பல்களும் இவ்வளவாலேயே மதிப்பிடப்படுகின்றன. கொள்கலன் கப்பலுக்கு 20 அடிப் பெட்டிகளின் எண்ணிக்கையே கணக்கு.

செய்தித்தாள்கள் 'மொத்த டன்னேஜ்' என்பதை எடையென எழுதிவிடுவதுண்டு. அது எடையன்று, மூடிய இடத்தின் கன அளவிலிருந்து பெறும் எண். பிரிட்டனில் 1854ஆம் ஆண்டுச் சட்டப்படி 100 கன அடி ஒரு டன்னாயிற்று. 1969ஆம் ஆண்டின் பன்னாட்டு உடன்படிக்கை 1982இல் நடைமுறைக்கு வந்து, அலகே இல்லாத எண்ணாக அதனை மாற்றியது. 'டன்' என்னும் சொல்லே மதுப் பீப்பாயின் பெயரிலிருந்து வந்தது! அரபுப் பாய்க்கப்பல்களின் கொள்ளளவையோ பேரீச்சம்பழப் பொதிகளைக்கொண்டு கூறினர். வி.களத்தூர், லெப்பைக்குடிக்காடு இல்லங்களுக்கு வளைகுடாவிலிருந்து வருவோர் கொணரும் அதே பழந்தான்.

அளவையில் மோசம் செய்வோரைத் திருமறையின் 'முதஃப்பிஃபீன்' அத்தியாயம் தொடக்கத்திலேயே கண்டிக்கிறது. அங்கே குற்றம் குறைத்து அளப்பது. கப்பலிலோ மிகுத்து ஏற்றுவதும் குற்றமாயிற்று. பத்தொன்பதாம் நூற்றாண்டில் பிரிட்டிஷ் உரிமையாளர் சிலர் அளவுக்கு மீறிச் சுமையேற்றினர். கப்பல் மூழ்கினால் காப்பீட்டுத் தொகை அவர்களுக்கு, மரணம் மாலுமிகளுக்கு. சாமுவேல் பிளிம்சால் என்னும் நாடாளுமன்ற உறுப்பினரின் போராட்டத்தால் 1876இல் கப்பலின் பக்கவாட்டில் சுமைக்கோடு கட்டாயமாயிற்று. ஆனால் அக்கோட்டை எங்கே வரைவது என்பது உரிமையாளரின் விருப்பத்துக்கே விடப்பட்டிருந்தது. அதன் இடத்தைச் சட்டம் வரையறுக்க 1890 வரை மாலுமிகள் காத்திருக்க வேண்டியதாயிற்று.