“ஒரு வாய்தானே” என்று ஊட்டாதீங்க: குழந்தைகளின் உணவு ஒவ்வாமை, பெற்றோர் தெரிந்துகொள்ள வேண்டியவை

பிறந்தநாள் வீட்டில் பாட்டி ஆசையாக ஒரு துண்டு கடலை மிட்டாயை நீட்டுகிறார். “இவனுக்கு வேர்க்கடலை ஆகாது, கொடுக்காதீங்க அத்தை” என்கிறார் அம்மா. “ஒரு வாய்தானே, என்ன ஆகிடப்போகுது?” என்று பதில் வருகிறது. கடுமையான ஒவ்வாமை உள்ள குழந்தைக்கு அந்த ஒரு வாயே உயிருக்கு ஆபத்தாகலாம்.

ஒவ்வாமை என்றால் என்ன?

தீங்கில்லாத உணவை எதிரி என்று நினைத்து உடலின் நோய் எதிர்ப்பு அமைப்பு தாக்குவதுதான் ஒவ்வாமை (அலர்ஜி). பால், முட்டை, வேர்க்கடலை, முந்திரி, மீன், இறால், கோதுமை, சோயா ஆகியவை முக்கியக் காரணங்கள். “பழகினா சரியாகிடும்” என்று வீட்டிலேயே கொடுத்துப் பார்க்காதீர்கள். பயந்துபோய் எல்லா உணவையும் நிறுத்தவும் வேண்டாம். எது ஆகாது என்பதை டாக்டர் உறுதி செய்யட்டும்.

ஆபத்து அறிகுறிகள்

சாப்பிட்ட சில நிமிடங்களில் இருந்து 2 மணி நேரத்துக்குள் இவை தெரியலாம்:

• உடம்பெல்லாம் தடிப்பு, உதடு அல்லது முகம் வீங்குதல்
• திரும்பத் திரும்ப வாந்தி
• விடாத இருமல், மூச்சுத்திணறல், குரல் கம்முதல்
• குழந்தை வெளிறிப்போய்த் துவண்டு விழுதல்

மூச்சுத்திணறலோ மயக்கமோ தெரிந்தால், தோலில் தடிப்பு இல்லாவிட்டாலும் அவசரநிலைதான்.

உடனே என்ன செய்யணும்?

டாக்டர் அட்ரினலின் ஊசி கொடுத்திருந்தால், அவர் சொல்லித்தந்தபடி தொடையின் வெளிப்பக்கத்தில் உடனே போடுங்கள். பிறகு 108-ஐ அழையுங்கள். ஊசி இல்லையென்றால் முதலில் 108. அரிப்பு மாத்திரையோ சிரப்போ கொடுத்துவிட்டுக் காத்திருக்காதீர்கள். அவை மூச்சுத்திணறலை நிறுத்தாது. குழந்தையைப் படுக்க வைத்துக் காலைச் சற்று உயர்த்துங்கள். மூச்சுவிடச் சிரமப்பட்டால் உட்கார வையுங்கள். நடக்க விடாதீர்கள். சரியாகிவிட்டதுபோல் தெரிந்தாலும் மருத்துவமனைக்குப் போயே ஆக வேண்டும். சில மணி நேரம் கழித்து அறிகுறிகள் திரும்ப வரலாம்.

அங்கன்வாடியிலும் பள்ளியிலும்

சேர்க்கும் நாளிலேயே ஆசிரியரிடமும் சமையலரிடமும் எழுதிக் கொடுங்கள். எது ஆகாது, என்ன அறிகுறி வரும், யாரை அழைக்க வேண்டும் என்ற மூன்றும் அதில் இருக்கட்டும். சத்துணவில் முட்டை சாப்பிடாத குழந்தைகளுக்கு வாழைப்பழம் தரப்படுகிறது. அதனால் மாற்று உணவு கேட்கத் தயங்க வேண்டாம். ஒரே கரண்டி, ஒரே எண்ணெய் மூலமாகவும் ஒவ்வாமைப் பொருள் கலந்துவிடும் என்பதையும் சொல்லுங்கள்.

பாக்கெட்டும் போனும்

உணவுப் பாதுகாப்பு விதிகளின்படி, ஒவ்வாமை தரும் முக்கியப் பொருட்களைப் பாக்கெட்டில் குறிப்பிட வேண்டும். ‘கன்டெய்ன்ஸ்’ என்ற சொல்லுக்குப் பின்னால் இருப்பதைப் பாருங்கள். எழுத்து பொடியாக இருந்தால் போனில் போட்டோ எடுத்துப் பெரிதாக்கிப் படியுங்கள். வழக்கமாக வாங்கும் பிஸ்கட்டாக இருந்தாலும் ஒவ்வொரு முறையும் பாருங்கள், தயாரிப்பு மாறியிருக்கலாம். டாக்டர் சீட்டைப் போட்டோ எடுத்துக் குடும்ப வாட்ஸ்அப் குழுவில் போட்டு வையுங்கள். மருத்துவ ஆலோசனைக்கு 104-ஐ அழைக்கலாம்.

கடைசியாக, குழந்தைக்கும் ஒரு வரி சொல்லிக்கொடுங்கள்: “அம்மாகிட்ட கேட்டுட்டுத்தான் சாப்பிடுவேன்.” அதை மழலையில் அவன் சொல்லும்போது, வீட்டுப் பெரியவர்களும் கேட்டுக்கொள்வார்கள்.