யாருடைய நேரம்? - வரையத் தொடங்குபவரும் கற்பிக்கும் சாதனங்களும்

1

தமிழ்ச் சிறுபத்திரிகைகளில் ஓவியம் பற்றி எழுதப்படுவதெல்லாம் பெரும்பாலும் முடிந்த ஓவியங்களைப் பற்றித்தான். ஒருவர் வரையக் கற்றுக்கொள்வது எப்படி, எதைக் கொண்டு என்பதைப் பற்றி நாம் பேசுவதில்லை. அது ஏதோ ட்ராயிங் மாஸ்டர் சமாச்சாரம், நமக்கெதற்கு என்கிற மனோபாவம். ஆனால் தாம்பரம், குரோம்பேட்டை, பல்லாவரம் பக்கம் ஞாயிற்றுக்கிழமைகளில் சில நண்பர்களோடு சேர்ந்து வரைகிறவன் என்ற முறையில் என்னிடம் அடிக்கடி வருகிற கேள்வி இது: "வரையக் கத்துக்கணும் தோழர், எதை வெச்சு ஆரம்பிக்கறது?"

இதற்குத் தயாராக இரண்டு பதில்கள் புழக்கத்தில் உள்ளன. ஒன்று, "எல்லாம் செல்போன்லயே இருக்கு, பார்த்துக்க." இன்னொன்று, "அதெல்லாம் பொறவியிலேயே வரணும்ப்பா." முதல் பதில் சந்தையின் குரல். இரண்டாவது அதைவிடப் பழசு. திறமை ரத்தத்தில் வருகிறது என்று நம்புகிற சமூகத்தில் அது எந்த ரத்தத்தில் வரும், எதில் வராது என்பதும் முன்கூட்டியே முடிவு செய்யப்பட்டிருக்கும். இரண்டு பதில்களும் கேட்டவரை நடுத்தெருவில் விட்டுவிட்டுக் கையைக் கழுவிக்கொள்கின்றன.

பிரச்சினை இன்று சாதனங்களின் பற்றாக்குறை அல்ல. நாலு படியில் சிங்கம் வரையச் சொல்லும் புத்தகங்கள், தெருவுக்கொரு கோடைக்கால வகுப்பு, அரசுத் தேர்வுகள், மணிக்கணக்கான வீடியோக்கள் என்று குவிந்து கிடக்கின்றன. பற்றாக்குறை நேரத்தில்தான். சானடோரியத்தில் 1984இல் தொடங்கப்பட்ட மெப்ஸ் வளாகத்தில் ஷிப்ட் முடித்து, பஸ் பிடித்து, வீடு வந்து சேர்கிற ஒரு பெண்ணுக்குத் தனக்கென்று அரைமணி நேரம் கிடைத்தால் அதிகம். அந்த அரைமணியை ஒரு மோசமான புத்தகம் தின்றுவிட்டால் அவர் புத்தகத்தைக் குறை சொல்ல மாட்டார். "எனக்குக் கை வரல" என்று சொல்லிப் பென்சிலை வைத்துவிடுவார். மோசமான சாதனம் கற்றுத் தராமல் போவதோடு நிற்பதில்லை. தன் தோல்வியைக் கற்பவரின் தோல்வியாக மாற்றிக் காட்டுகிறது. சாதனங்களை மதிப்பிடுவது ஓர் அரசியல் காரியம் என்று நான் சொல்வது இதனால்தான்.

2

மதிப்பிட அளவுகோல் வேண்டும். அதற்கு முதலில் வரைதல் என்கிற செயலில் என்னதான் நடக்கிறது என்று பார்க்க வேண்டும்.

1857இல் ஜான் ரஸ்கின், முன்னறிவின் கறைபடியாத வெகுளிக் கண்ணோடு பார்க்கக் கற்பதே ஓவியக் கல்வி என்றார். ஏறத்தாழ நூறு ஆண்டுகள் கழித்து 1960இல் கோம்பிரிச் அதை மறுத்தார். அப்படியொரு கண் கிடையாது. எவரும் ஏற்கெனவே கையிலுள்ள ஒரு வாய்பாட்டிலிருந்துதான் தொடங்குகிறார். பிறகு எதிரே இருப்பதோடு ஒப்பிட்டு அதைத் திருத்துகிறார். வாய்பாடு, திருத்தம், மீண்டும் வாய்பாடு. திருத்தம் நின்றுபோனால் என்ன ஆகும் என்பதற்கு ட்யூரரின் காண்டாமிருகம் சாட்சி. 1515இல், விலங்கை நேரில் பார்க்காமல், பிறர் அனுப்பிய குறிப்பையும் கோட்டுப் படத்தையும் வைத்து அவர் உருவாக்கிய படம் அது. உடம்பெல்லாம் போர்க்கவசம் போலத் தகடுகள். இருநூறு ஆண்டுகளுக்கும் மேலாக ஐரோப்பிய விலங்கியல் நூல்கள் அந்தக் கவசத்தையே நகல் எடுத்துக்கொண்டிருந்தன.

ஆகவே நகலெடுப்பதே தப்பு, எல்லாம் 'சுயமாக' வரவேண்டும் என்று சொல்வது வெறும் ரொமாண்டிசிசம். வான்கோ 1880இல், தன் 27ஆவது வயதில், ஓவியனாவது என்று முடிவு செய்தபோது பெல்ஜியத்தின் சுரங்கப் பகுதியில் இருந்தார். சார்ல்ஸ் பார்க் என்பவரின் பயிற்சித் தாள்களைத் திரும்பத் திரும்ப நகலெடுத்தார். ஆனால் அதே நாட்களில் வெளியே போய் வேலைக்கு நடந்துபோகிற சுரங்கத் தொழிலாளிகளையும் வரைந்தார். தாளில் கற்றதைத் தெருவில் சோதித்தார். முதல் அளவுகோல் இங்கிருந்து கிடைக்கிறது: இந்தச் சாதனம் என்னை வெளியே அனுப்புகிறதா, இல்லை தன் பக்கங்களுக்குள்ளேயே பூட்டி வைக்கிறதா?

இரண்டாவது அளவுகோலை ழாக் ரான்சியேர் 1987இல் எழுதிய நூலிலிருந்து எடுக்கலாம். 1818இல் லூவேன் நகரில் ஜோசஃப் ஜாகோதோ என்ற ஆசிரியர், தனக்குத் தெரியாத மொழி பேசுகிற மாணவர்களிடம் ஓர் இருமொழி நூலை மட்டும் கொடுத்துப் பிரெஞ்சு கற்க வைத்தார். பிறகு தனக்கே சரியாக வராத ஓவியத்தையும் பியானோவையும் 'கற்பித்தார்'. அவர் செய்ததெல்லாம், நீ என்ன பார்க்கிறாய், அதை எதில் சரிபார்த்தாய் என்று விடாமல் கேட்டதுதான். எல்லோருக்கும் அறிவு சமம் என்பது அவருடைய தொடக்கப் புள்ளி. கற்பவர் தன் தப்பைத் தானே கண்டுபிடிக்க வழி தருகிற சாதனம் அவரைச் சமமாக நடத்துகிறது. வழி தராதது அவரை என்றென்றைக்கும் சிஷ்யனாகவே வைத்துக்கொள்ளப் பார்க்கிறது.

மூன்றாவது கேள்வி நேரமும் காசும். முதல் கோடு போடுமுன் எவ்வளவு கேட்கிறது? நான்காவது, அது யாருடைய உடம்பை, யாருடைய வீட்டை இயல்பானதாக எடுத்துக்கொள்கிறது?

3

இனி சாதனங்களுக்கு வருவோம்.

நாலு படிப் புத்தகம். முதல் படியில் வட்டம், இரண்டாவதில் முட்டை வடிவம், மூன்றாவதில் நாலு கோடு, நான்காவதில் பிடரி சிலிர்த்த சிங்கம். மூன்றுக்கும் நான்குக்கும் நடுவில்தான் மொத்த ஓவியக் கலையும் இருக்கிறது. அதைப் பற்றி மூச்சே இல்லை. சோதனை சுலபம். புத்தகத்தை மூடிவிட்டு அதே சிங்கத்தைப் பக்கவாட்டிலிருந்து வரையச் சொல்லுங்கள். முடியாது. தூக்கிப் போடலாம்.

வீடியோ. எட்டு மணி நேர வேலையை எட்டு நிமிஷத்தில் ஓட்டிக் காட்டுகிறார்கள். ரப்பர் போட்ட இடம், தயங்கிய இடம், கிழித்துப் போட்ட தாள் எல்லாம் வெட்டப்பட்டுவிடும். அதாவது கற்க வேண்டிய பகுதி மட்டும் பார்த்து நீக்கப்படுகிறது. மிஞ்சுவது ஒரு வித்தை. பார்க்கிறவர் ரசிகராகிறார், கற்பவர் ஆவதில்லை. வெட்டாமல், தப்பையும் திருத்தத்தையும் சேர்த்துக் காட்டுகிற வீடியோக்களும் இருக்கின்றன. அவை பார்க்கச் சலிப்பாக இருக்கும். அந்தச் சலிப்பே நல்ல அறிகுறி. பத்து நிமிஷம் பார்த்தால் அரைமணி வரைய வைக்கிறதா என்று கணக்குப் பாருங்கள். கணக்கு தலைகீழாக இருந்தால் அணைத்துவிடலாம்.

பெரிய பெயர் பெற்ற புத்தகங்களையும் இதே தராசில்தான் போட வேண்டும். கிமோன் நிக்கலைடீஸின் நூல் 1941இல் அவர் இறந்தபின் வெளிவந்தது. கண் பொருளின் ஓரத்தில் நகர, தாளைப் பார்க்காமல் கை கூடவே நகர வேண்டும் என்கிற அதன் பயிற்சி ஒப்பற்றது. ஆனால் நூல் மொத்தமாகக் கேட்பது 375 மணி நேரம், வாரத்துக்குப் பதினைந்து மணி வீதம். நம் மெப்ஸ் தோழியின் அரைமணிக் கணக்கில் இது 750 நாள், இரண்டு வருஷத்துக்கு மேல். பயிற்சியை எடுத்துக்கொள்ளலாம், கால அட்டவணையைத் தூக்கி எறியலாம். பெட்டி எட்வர்ட்ஸ் 1979இல் எழுதிய நூல் மூளையின் வலப்பக்கம், இடப்பக்கம் என்று பேசுவது இன்றைய அறிவியலுக்கு முன் நிற்காது. ஆனால் படத்தைத் தலைகீழாக வைத்து வரையச் சொல்லும் அவருடைய பயிற்சி வேலை செய்கிறது. தலைகீழானதும் 'மூக்கு', 'கண்' என்கிற பெயர்கள் உதிர்ந்து கோடுகள் மட்டும் தெரிகின்றன. கோட்பாடு தப்பாக இருந்தும் பயிற்சி சரியாக இருக்கலாம் என்பதைக் கோட்பாட்டுப் பித்துள்ள நாம் குறித்துக்கொள்வது நல்லது.

ஆண்ட்ரூ லூமிஸ் 1943இல் மனித உருவம் பற்றி எழுதிய நூலில் இலட்சிய ஆண் உடல் எட்டுத் தலை உயரம். நம் ஸ்தபதிகளின் நவதாளத்தில் உருவம் ஒன்பது முக அளவு. ஒரு தாளத்துக்குப் பன்னிரண்டு அங்குலமாக 108 அங்குலம். 1957இல் தொடங்கிய மாமல்லபுரம் அரசு சிற்பக் கல்லூரியில் இந்த அளவு மரபு இன்றும் கற்பிக்கப்படுகிறது. ஒன்று அமெரிக்க விளம்பரப் படங்களின் நாயகன், மற்றது தெய்வம். இரண்டிலும் பல்லாவரம் சந்தையில் மூட்டை தூக்குகிறவர் இல்லை. சாதாரண மனிதர்கள் ஏறத்தாழ ஏழு, ஏழரைத் தலை உயரம்தான். 'மேலைநாட்டு அளவு அந்நியம், நம் மரபளவே அசல்' என்று கிளம்புகிறவர்களுக்காக இதைச் சொல்கிறேன். இரண்டுமே வாய்பாடுகள். இரண்டையும் கற்கலாம், திருத்துவதற்காக.

அடுத்து அரசுத் தேர்வுகள். மருத்துவர் அலெக்சாண்டர் ஹண்டர் 1850இல் சென்னையில் தொடங்கிய கலைப் பள்ளிதான் இன்றைய அரசு கவின்கலைக் கல்லூரி. அது ஓவியர்களுக்காக அல்ல, தொழிலுக்குப் பயன்படும் கைகளுக்காகத் தொடங்கப்பட்டது. அச்சுப் படத்தைப் பார்த்துப் பிசகில்லாமல் வெளிக்கோடு இழுப்பது அன்றைய காலனியக் கலைக் கல்வியின் அடிப்படை. அரசு தொழில்நுட்பத் தேர்வுகளின் ஃப்ரீஹேண்ட் அவுட்லைன் தாளில் அதன் நிழல் இன்னும் உண்டு. தூக்கியெறியச் சொல்லவில்லை. சமச்சீர் பிடிபடும், மாடல் ட்ராயிங்கில் பானையும் பெட்டியும் நிஜமாகவே எதிரே இருக்கும். ஓவிய ஆசிரியர் வேலைக்குச் சான்றிதழும் வேண்டும். ஆனால் அந்த வேலையின் கதியைப் பாருங்கள். 2012இல் ஓவியம், உடற்கல்வி, தையல் போன்றவற்றுக்குப் பதினாறாயிரத்துக்கும் மேற்பட்ட பகுதிநேர ஆசிரியர்களை அரசு நியமித்தது மாதம் 5,000 ரூபாய்த் தொகுப்பூதியத்தில். சான்றிதழுக்காகப் படிப்பவர் படிக்கட்டும். வரையக் கற்பதற்காக அதில் சேருகிறவர், வேறொன்றும் கூடவே தேவை என்பதைத் தெரிந்து சேரட்டும்.

பணம் கட்டிப் போகிற வகுப்புகள். தாம்பரம் கிழக்கில் ஒரு வகுப்பில் சுவர் முழுக்க மாட்டியிருந்த முப்பது படங்களிலும் ஒரே மலை, ஒரே சூரியன், ஒரே தென்னை. அடியில் மட்டும் முப்பது பெயர்கள். பெற்றோருக்கு மாட்டி வைக்க ஒரு படம் வேண்டும்; அதனால் மாஸ்டரே கடைசியில் கை வைத்துவிடுகிறார். சேருமுன் சுவரைப் பாருங்கள். படங்கள் ஒன்றுபோலிருந்தால் திரும்பிவிடலாம். மாஸ்டர் உங்கள் தாளில் வரைகிறாரா, தனித் தாளில் வரைந்து காட்டுகிறாரா என்பதையும் கவனியுங்கள்.

4

கற்பிக்கும் சாதனம் என்றே எண்ணப்படாதவை சில உண்டு. அவைதான் இந்தப் பகுதியில் நமக்கு நெருக்கமானவை.

முதலில் கோலம். புள்ளிகளின் இடைவெளியைக் கண்ணாலேயே அளந்து, ரப்பர் இல்லாமல், நின்று குனிந்து, முழங்கையிலிருந்து கோடு இழுத்து, பதினைந்து புள்ளிச் சிக்குக்கோலத்தை நினைவிலிருந்தே போட்டு முடிக்கிற பெண்ணிடம் 'நேர்கோடு போடுவது எப்படி' என்று தொடங்குகிற புத்தகத்தைக் கொடுப்பது அவமானம். அவர் தொடக்கநிலையாளர் அல்ல. அவருக்குத் தேவை, தளத்தில் உள்ள அறிவை எதிரே நிற்கும் பொருளுக்கு மாற்றுவது மட்டுமே. அதேபோலக் கட்டட வேலை செய்கிற ஒருவர் கையில் தூக்குக்குண்டு இருக்கிறது. நிற்கிற மனிதனின் எடை எந்தக் காலில் இறங்குகிறது என்று பார்க்கக் கலைப் பள்ளிகளில் பயன்படுத்துவதும் அதே நூல்தான். சினிமா பேனர் வரைந்தவர்கள் சின்னப் புகைப்படத்தில் கட்டம் போட்டு நாற்பது அடிக்குப் பெருக்கினார்கள். 2000க்குப் பிறகு ஃப்ளெக்ஸ் வந்து அந்தத் தொழில் போயிற்று. அந்த ஆசான்களில் பலர் இன்னும் இருக்கிறார்கள். ஒரு வீடியோவைவிட அவர்களோடு ஒரு மாலை கழிப்பது மேல்.

அடுத்து மின்சார ரயில். 1931இலிருந்து ஓடுகிற பீச்-தாம்பரம் வண்டியில் தூங்குகிறவர்கள் அசைவதில்லை, கட்டணமும் கேட்பதில்லை. முகத்தை அடையாளம் தெரியும்படி வரைய வேண்டாம். தோள் சரிவு, தொங்கும் கை போதும். அதே வண்டியில் எழும்பூர் இறங்கினால் அரசு அருங்காட்சியகம், வெள்ளிக்கிழமை விடுமுறை. அங்கே சோழர் வெண்கலங்களைச் சுற்றி வந்து நாலு பக்கமும் வரையலாம். எந்தப் புத்தகமும் முதுகைக் காட்டாது. வண்டலூரில் விலங்குகள் நிற்காது. அதனாலேயே வேகமாகச் சுருக்கி வரையக் கற்றுத் தருகின்றன. ஈஞ்சம்பாக்கத்தில் கே.சி.எஸ். பணிக்கர் தலைமையில் 1966இல் உருவான சோழமண்டலத்தைப் படங்களுக்காக மட்டுமல்ல, ஒரு பொருளாதாரப் பாடத்துக்காகவும் பார்க்க வேண்டும். பாத்திக் துணி முதலான கைவினைப் பொருட்களை விற்ற காசில்தான் அந்தக் கலைஞர்கள் நிலம் வாங்கித் தங்களுக்கான நேரத்தை உண்டாக்கிக்கொண்டார்கள்.

பல்லாவரம் வெள்ளிக்கிழமைச் சந்தையில் பழைய புத்தகக் குவியலைக் கிளறுங்கள். ஓவியம் கற்பிக்கும் புத்தகத்தைத் தேட வேண்டாம். கிழிந்த உடற்கூறு நூல், பழைய புகைப்படப் பத்திரிகை, தாவரப் படங்கள் கிடைத்தால் எடுங்கள். நம் பழைய சிறுபத்திரிகைகள் கிடைத்தாலும் எடுங்கள். கே.எம். ஆதிமூலத்தின் கோட்டோவியங்களை நகலெடுத்துப் பார்த்தால் ஒரு கோடு எங்கே தொடங்கி எங்கே விடப்படுகிறது, எதைச் சொல்லாமல் நிறுத்துகிறது என்பது கைக்குத் தெரியும். அச்சில் கறுப்பு மட்டும்தான் என்ற வறுமையே அங்கே பாடமாகிறது.

5

ஆக, தொடங்குகிறவருக்கு நான் சொல்வது இவ்வளவுதான். ஒரு பால்பாயிண்ட் பேனா, ஒருபக்கம் அச்சான தாள்கள். எந்தச் சாதனமானாலும் மூன்று வாரம், தினம் அரைமணி. முதல் நாள் ஒரு செருப்பை வரைந்து தேதி போட்டு வையுங்கள். இருபத்தோராம் நாள் அதே செருப்பை, புத்தகத்தைப் பார்க்காமல் வரையுங்கள். முன்பு தெரியாத எதுவோ இப்போது தெரிகிறதா? பழைய படத்தின் தப்பை நீங்களே சுட்ட முடிகிறதா? முடிந்தால் தொடருங்கள். முடியாவிட்டால் சாதனத்தை மாற்றுங்கள், "எனக்கு வராது" என்று மட்டும் சொல்லாதீர்கள்.

இதற்கு ஒரு மறுப்பு எழலாம்: தொழிலாளிக்குக் கூலி உயர்வு முக்கியமா, செருப்பு வரைவது முக்கியமா? வேலைநேரக் குறைப்புக்காக நடந்த போராட்டங்களெல்லாம் உறங்குவதற்கு மட்டும் நேரம் கேட்டு நடந்தவை அல்ல. தனக்கென்று ஒரு நேரம், அதில் தான் விரும்பிய ஒன்று என்பதும் அந்தக் கோரிக்கைக்குள் இருந்தது. அந்த நேரத்தை மீட்பது ஒரு போராட்டம் என்றால், மீட்ட நேரம் மோசமான சாதனங்களிடம் பறிபோகாமல் காப்பது அதன் தொடர்ச்சி. நம் இயக்கங்களிடம் போஸ்டர் எழுதவும் தட்டி வரையவும் தெரிந்தவர்கள் இருக்கிறார்கள். அவர்கள் தங்களுக்குத் தெரிந்ததை எளிய தமிழில், தப்பும் திருத்தமுமாகச் சின்ன வெளியீடுகளாகக் கொண்டுவர முடியாதா? இதுபற்றி மற்ற நண்பர்களும் எழுத வேண்டும்.